தாவ்கே வால் தின்னும் புழுக்கள்

காலை எட்டரை மணி. ஈப்போ, புந்தோங்கில் ஒரு மாடியில்லா வரிசைவீடு. சமையலறைத் தரையில் பழைய தமிழ் நாளிதழை விரித்து, அக்காவும் அவருடைய மாமியாரும் எதிரெதிரே உட்கார்ந்து தாவ்கே எனப்படும் பயற்றுமுளையின் வாலைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். ஈப்போ தாவ்கே குட்டையாகவும் பருத்தும் இருக்கும். சுண்ணாம்புக்கல் மலைத் தண்ணீர்தான் அதற்குக் காரணம் என்பது ஊர்ப்பேச்சு. வாலோடு வதக்கினால் மாமியார் தொடமாட்டாராம். கிள்ளிய வால் தாளின் நடுவில் ஒரு கைப்பிடி சேர்ந்ததும், அக்கா அதைத் தாளோடு சுருட்டிக்கொண்டு எழுந்தார். "வாங்க தம்பி, காட்டுறேன்."

சமையலறைக்குப் பின்னால் தகரக் கூரையை நீட்டிப்போட்டு ஒரு பின்கட்டு. ஒரு மூலையில் துணி துவைக்கும் இயந்திரம். அதற்கு எதிர்ச்சுவரை ஒட்டி இரும்புக் கால்மேடையில் நான்கு வெள்ளைப் பாலிஸ்டிரின் பெட்டிகள். கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிவரும் பெட்டிகள் அவை. சந்தையில் காலியானதும் காய்கறிக்காரர் தூக்கிப்போடுவதைக் கேட்டு வாங்கியிருக்கிறார். காசு கொடுத்து வாங்கிய பிளாஸ்டிக் தட்டு அடுக்கு ஒன்றும் மூலையில் காலியாகக் கிடந்தது. தகரத்துக்குக் கீழே மத்தியானம் ஏறும் சூட்டை மெல்லிய பிளாஸ்டிக் தாங்கவில்லையாம். பாலிஸ்டிரின் சூட்டைச் சீக்கிரம் உள்ளே விடாது. மூடியிலும் பக்கத்திலும் துளைகள். அடியில் வடிகால் துளை. அதன் கீழே ஒரு தட்டு.

மூடியைத் திறக்குமுன் அக்கா அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சூடா இருந்தா உள்ள ஏதோ சரியில்லன்னு அர்த்தம். சோறு அதிகமா விழுந்திருக்கும், இல்லன்னா பேரன் எதையாவது போட்டிருப்பான்." அன்றைக்குச் சூடில்லை. மூடியைத் தூக்கி, அதன் கீழிருந்த ஈரச்சாக்கையும் விலக்கினார்.

வெளிச்சம் பட்டதும் மேலே இருந்தவை சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டன. புழுவுக்குக் கண் இல்லை, ஆனால் தோல் வெளிச்சத்தை உணரும். ஒரு பப்பாளித் தோலைப் புரட்டிக் காட்டினார். சதை முழுக்கப் போய், மேல்தோல் மட்டும் பின்னால் கை தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தது. அதன் அடியில் பத்துப் பன்னிரண்டு பெரிய புழுக்கள் பின்னிக் கிடந்தன. ஒரு சாணுக்குக் குறையாத நீளம். சாம்பல் கலந்த ஊதா. பக்கவாட்டில் வெயில் பட்டபோது தோலில் நீலமும் பச்சையும் மின்னின. அவற்றுக்கு நடுவே வெள்ளை நூல் துண்டுகளைப் போல் குஞ்சுகள். அக்கா விரல்நுனியில் ஒரு முட்டைக்கூட்டை எடுத்துக் கொடுத்தார். அரை சென்டிமீட்டர் நீளம், இரு முனையும் கூர்ந்து, பழுப்பு நிறம். வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஏதோ அசைவது தெரிகிறது. ஒரு கூட்டிலிருந்து இரண்டு மூன்று குஞ்சுகள் வரும். இந்த ஊர் வெப்பத்தில் இரண்டு மூன்று வாரம் போதும்.

நாற்றம் என்று எதுவும் இல்லை. வறண்ட தரையில் மழை விழுந்ததும் எழும் வாசனைதான் பெட்டியிலிருந்து வந்தது.

இந்தப் புழுக்கள் ஆப்பிரிக்கப் புழுக்கள். விஞ்ஞானப் பெயர் யூட்ரிலஸ் யூஜினியே. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து உலகம் முழுக்கப் பரவியவை. அக்கா முதலில் வாங்கியது தூண்டில் கடையில். மீனுக்கு இரையாக விற்றவற்றில் ஒரு டப்பா. வெப்பநாட்டுக்கு இது நல்ல தேர்வு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுப் பெட்டிகளில் வளர்க்கும் சிவப்புப் புழு, ஐசீனியா ஃபெடிடா, 15 முதல் 25 செல்சியஸ் வரை சுகமாக இருக்கும். ஈப்போவில் நண்பகல் 32, 33 டிகிரி சாதாரணம். ஆப்பிரிக்கப் புழு 25 முதல் 30 டிகிரி வரை செழித்து வளரும், குளிரைத்தான் தாங்காது. 35ஐத் தாண்டினால் அதற்கும் ஆபத்து. அதனால்தான் அந்த வெள்ளைப் பெட்டி, அதனால்தான் மத்தியான நேரத்தில் மூடியின்மேல் இன்னொரு ஈரச்சாக்கு.

நாளிதழைச் சுருளோடு அப்படியே போடவில்லை. தாளை நீளவாக்கில் கிழித்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஓரமாகக் குழி பறித்து, தாவ்கே வாலைப் போட்டு, மேலே தாள்கீற்றை மூடினார். நேற்று எந்த மூலையில் போட்டார் என்பதற்கு ஒரு ஐஸ்கிரீம் குச்சி நட்டிருந்தது. அதைப் பிடுங்கி இன்றைய மூலையில் குத்தினார். மூலை மாற்றி மூலை வைப்பதால் நான்கு நாளுக்கு ஒருமுறைதான் அதே இடத்துக்குச் சாப்பாடு வரும். அதற்குள் பழையது தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லையென்றால் அன்றைக்குப் பட்டினி. பெட்டி என்ன சாப்பிடுகிறது, எவ்வளவு வேகமாகச் சாப்பிடுகிறது என்பதைக் குச்சியே சொல்லிவிடுகிறது. தராசு வேண்டாம், குறிப்பேடு வேண்டாம்.

கவனிக்க வேண்டிய ஒன்று: புழு நேரடியாகக் காய்த்தோலைத் தின்பதில்லை. அதற்குப் பல் கிடையாது. தோல் அழுகத் தொடங்கும்போது அதில் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகுகின்றன. மெத்தென்று ஆனதை அவற்றோடு சேர்த்துப் புழு உள்ளே இழுக்கிறது. உள்ளே அரைவைப்பையில் மணல் துகள்கள் அரைக்கின்றன. அந்தத் துகளுக்காகத்தான் அக்கா முட்டையோட்டைக் காயவைத்து அம்மியில் நசுக்கித் தூவுகிறார். ஓட்டுத்தூள் பெட்டியின் புளிப்பையும் குறைக்கும். தேங்காய் அரைப்பதை மிக்சிக்கு மாற்றி ரொம்ப நாளாகிவிட்டது. அம்மிக்கு இப்போது இந்த ஒரு வேலைதான்.

சமையல் தொட்டியின் பக்கத்தில் இரண்டு டப்பாக்கள் இருக்கின்றன. மூடியுள்ளது புழுவுக்கு, மூடியில்லாதது குப்பைக்கு. பூசணித் தோல், காங்கோங் தண்டு, வாழைப்பழத்தோல், தேயிலைச் சக்கை, கோப்பித்தூள், வெண்டைக்காய் காம்பு எல்லாம் முதல் டப்பா. வெங்காயத் தோல், பூண்டு, மிளகாய், எலுமிச்சை, புளிச்சக்கை எல்லாம் இரண்டாவது. தம்புனில் விளையும் பம்ப்ளிமாஸ் வீட்டுக்கு வரும் பருவத்தில் அதன் தடித்த தோல் முழுவதும் இரண்டாவது டப்பாவுக்குத்தான் போகும், பெட்டிக்கு அல்ல. அந்த வகைத் தோலில் உள்ள எண்ணெய் புழுவின் தோலுக்கு ஆகாது. மீன் முள், நெத்திலித் தலை, கருவாடு, சம்பல் ஒட்டிய சோறு, எதுவும் கிடையாது. புழு மூச்சுவிடுவது தோல் வழியாக. அந்தத் தோல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். உப்பு பட்டால் ஈரம் வெளியே இழுக்கப்படும், மூச்சு நிற்கும். நம் சமையலில் உப்பில்லாத மிச்சம் எது? ஆகவே சமைப்பதற்கு முன் கழிப்பது புழுவுக்கு, சமைத்த பின் மிஞ்சுவது அதற்கு அல்ல என்று வீட்டில் ஒரே விதி. ஏழு வயதுப் பேரனுக்கும் புரிந்த விதி. முறை தவறுவது பெரும்பாலும் மகன்தான், அவசரத்தில்.

தேங்காய்ச் சக்கை பற்றித் தனியாகக் கேட்டேன். நம் வீடுகளில் தினமும் வருவது அது. "கொஞ்சம்னா பரவால்ல. நிறையப் போட்டா எண்ணெய் கசிஞ்சி சூடு கெளம்பும். தீவாளிக்கு எல்லா வீட்டுச் சக்கையும் எனக்குக் கொண்டாந்து குடுத்தாங்க, புழுவுக்குன்னு. அன்போட தான் குடுத்தாங்க. வாங்கி வாழ மரத்தடியில கொட்டிட்டேன்." கோயில் பூமாலையையும் அவர் பெட்டியில் சேர்ப்பதில்லை. சாமந்திக்கு அடிக்கும் பூச்சிமருந்து இதழில் இருந்தால் ஒரே இரவில் பெட்டி காலி. தைப்பூசத்தின்போது புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்குக் காவடிகள் போகும் நாள்களில் வீட்டுக்கு வரும் வாழை இலைகளை மட்டும் தண்ணீரில் அலசி, கிழித்து, மேல்மூடாக்காகப் போட்டுக்கொள்கிறார்.

வீட்டுக்குள் இதற்காக நடந்த ஒரே பெரிய சண்டை குளிர்பெட்டியைப் பற்றி. காய்த்தோலை உறையவைத்து எடுத்தால் அதன் செல்சுவர் உடைந்து சீக்கிரம் மெத்தென்று ஆகும். பழ ஈயின் முட்டையும் செத்துப்போகும். அக்காவின் மருமகள், சென்னை நியூ கல்லூரியில் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயிலின் மண்புழுப் பேச்சுகளைத் தமிழில் கேட்டுக் கேட்டுப் படித்தவர், தோலை ஒரு பையில் கட்டி உறையறையில் வைத்தார். தோசைமாவுக்கு மேல்தட்டில் குப்பையா என்று மாமியார் இரண்டு நாள் தோசை சாப்பிடவில்லை. இப்போது தோலுக்கு மூடிபோட்ட ஒரு பழைய பிஸ்கட் தகரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறது. உடன்பாடு நிற்கிறது.

அக்கா ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பிழிந்தார். விரலிடுக்கில் இரண்டு சொட்டு துளிர்த்தது, கீழே விழவில்லை. இதுதான் சரியான ஈரம். ஒழுகினால் காற்று புகாது, புளிக்கும், புழு வெளியேறும். ஒன்றுமே வராவிட்டால் தோல் காயும். இதை அறிய அவருக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. அவருடைய கைக்குத் தெரிந்திருக்கிறது.

கால்மேடையின் நான்கு கால்களிலும் கிண்ணம் வைத்திருந்தது. எறும்புக்காக. முதலில் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிவைத்திருந்தார்கள். மலேசியாவில் தேங்கிய தண்ணீர் என்றால் ஏடிஸ் கொசு, ஏடிஸ் என்றால் டிங்கி. 1975ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் உண்டு. இப்போது கிண்ணத்தில் பழைய சமையல் எண்ணெய். மழைத்தண்ணீர் விழாமல் இருக்கக் கூரை இருக்கிறது. வடிகால் தட்டையும் மாலையில் கவிழ்த்துவிட வேண்டும். எறும்பைப் போலவே பெட்டிக்குள் தானாக வந்து சேர்வது ஈப்புழு. அதைக் கண்டால் அக்கா பயப்படுவதில்லை. "அதுவும் திங்கத்தானே வந்திருக்கு. பழம் அதிகமா போட்டா வரும், கொறச்சா போயிடும்."

பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரம் சுழலத் தொடங்கியபோது, பெட்டி ஏன் எதிர்ச்சுவரில் இருக்கிறது என்பது புரிந்தது. சார்ல்ஸ் டார்வின் இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1881இல், மண்புழுக்களைப் பற்றி ஒரு முழு நூல் வெளியிட்டார். வீட்டில் தொட்டிகளில் புழுக்களை வைத்துக்கொண்டு, அவற்றுக்குப் பக்கத்தில் பியானோ வாசிக்கச் செய்தார், பசூன் ஊதச் செய்தார். எதற்கும் அவை அசையவில்லை. தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தைத் தட்டியதும் வளைக்குள் பாய்ந்துவிட்டன. சத்தம் கேட்பதில்லை, அதிர்வு தெரிகிறது. அக்கா டார்வினைப் படித்தவர் அல்ல. இயந்திரத்தின் பக்கத்தில் இருந்தபோது புழு மேலே வரவே மாட்டேன் என்றது, நகர்த்தினார், வந்துவிட்டது. உலகப் புகழ்பெற்ற ஒருவர் தம் வீட்டுக்குள், பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்து பார்த்ததும் இதே மாதிரிதான் என்று நான் சொன்னபோது அக்காவின் முகத்தில் வந்த மகிழ்ச்சியை இங்கே எழுதாமல் விட மனமில்லை.

வீட்டுப் பெரியவரான மாமியார் அதுவரை வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பெரட்டுக்கு விடியுமுன் போய், உளியும் வாளியுமாக நிரை முடித்து, மங்கிலிருந்து பாலைச் சேர்த்து, ஒட்டுப்பாலையும் உரித்துக்கொண்டு வந்த கை. "எங்க தோட்டத்துல புழுவ யாரும் வளக்கல. அது பாட்டுக்கு இருந்திச்சு. லயத்துக்குப் பின்னால ஒரு குழி. சாணி, சாம்பல், காய்கறிக் குப்பை எல்லாம் அதுல. மழை பெஞ்சா வாழ மரம் தானா எந்திரிக்கும். காசு குடுத்துப் புழு வாங்குற காலம் வந்துருச்சு பாரு."

எனக்கு இந்தப் பேச்சு ஏக்கமாக மட்டும் படவில்லை. தோட்டத்து லயத்தில் கூலி குறைவு, வீடு சொந்தமில்லை, கங்காணி, கிராணி, மண்டோர் எல்லோருக்கும் பணிந்துபோன வாழ்க்கை. அதையெல்லாம் யாரும் திரும்ப வேண்டுவதில்லை. ஆனால் லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு மண் இருந்தது. மாடு கட்டினார்கள், கீரை போட்டார்கள், முருங்கை நட்டார்கள். 1950களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க முனைந்தார். அது காப்பாற்றியது கொஞ்சம். மற்ற இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் வீடமைப்பாயின, லயங்கள் இடிந்தன. மக்கள் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்தார்கள். குழாய்த் தண்ணீர், சொந்தச் சாவி, பக்கத்தில் பள்ளி எல்லாம் கிடைத்தன. அந்தத் துண்டு மண் மட்டும் கிடைக்கவில்லை.

வந்து சேர்ந்த இடத்தின் மண்ணும் அப்படி. கிந்தாப் பள்ளத்தாக்கு உலகத்துக்கு ஈயம் தந்த பூமி. 1985இல் ஈயத்தின் விலை வீழ்ந்து லம்பங்கள் என்னும் ஈயச் சுரங்கங்கள் மூடும்வரை இங்கே மண்ணைக் கழுவிக் கழுவி ஈயத்தைப் பிரித்தார்கள். மிஞ்சியது குளமும் மணலும். அந்த மணலின்மேல் எத்தனையோ தாமான்கள் எழுந்திருக்கின்றன. அக்கா முன்வாசலில் சிமெண்டு போடாத ஒரு கீற்றை மண்வெட்டியால் கொத்திக் காட்டினார். வெளுத்த மணல். வாளித் தண்ணீரை ஊற்றினால் நொடியில் குடித்துவிட்டு மறுபடி காய்ந்துபோகிறது. அதில் சத்தும் நிற்காது, நீரும் நிற்காது. புழுப்பெட்டி இந்த வீட்டில் குப்பைக்கான ஏற்பாடாகத் தொடங்கியது. இன்று அது மண் செய்யும் ஏற்பாடு. அதுதான் என்னை இந்த வீட்டில் நிறுத்திவைத்தது.

மத்தியானம் மகன் வண்டியில் எல்லோரும் செம்மோர் வழியாகச் சுங்கை சிப்புட்டுக்குப் போனோம். பெரியவருக்குத் தம் பழைய இடத்தைக் காட்ட வேண்டும். லயம் இருந்த இடத்தில் செம்பனை, வரிசை வரிசையாக. சாலைக்கு மறுபுறம் யாரோ ஒரு சிறுதோட்டக்காரர் இன்னும் பால்மரம் வைத்திருக்கிறார். மரத்தில் கட்டியிருந்த மங்கில் கட்டிப்பால். அந்த வாசனையை மோந்ததும் பெரியவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு தோட்டக்காரரிடம் கேட்டு, மரத்தடிச் சருகை ஒதுக்கி, தாமே குச்சியால் கிளறினார். ஒரு விரற்கடை ஆழத்தில் புழு. வெளிறிய இளஞ்சிவப்பு, வாலில் மஞ்சள் சாயல். உள்ளங்கையில் வைத்து வாலைத் தடவினால் சொரசொரப்பு தெரிகிறது; வால்பக்கத்து முள்மயிர்கள் அப்படி. "இதுதான்!" என்றார். "இத கொண்டுபோயி பொட்டில போடு."

இந்தப் புழுவின் பெயர் பொன்டோஸ்கோலெக்ஸ் கோரெத்ரூரஸ். தென்னமெரிக்காவின் கயானாப் பகுதியைச் சேர்ந்தது. 1857இல் பிரேசிலில் ஃபிரிட்ஸ் முல்லர் இதை விவரித்து எழுதினார். ஒற்றைப் புழுவே இணை இல்லாமல் இனம் பெருக்கும். காடழித்து மண்ணைக் கிளறிய இடமெல்லாம் குடியேறி, இன்று வெப்பநாட்டு ரப்பர்த் தோட்டங்களில் மிகப் பரவலாகக் கிடைக்கும் மண்புழு இதுதான். ரப்பர் மரமும் அந்தக் கண்டத்திலிருந்துதான் வந்தது. 1876இல் ஹென்றி விக்காம் அமேசானிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளிலிருந்து வளர்ந்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது இங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. மரத்துக்காக நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தார்கள். மரமும், மரத்தடிப் புழுவும், மரம் வெட்ட வந்த மக்களும் எல்லோருமே கடல் கடந்தவர்கள். பெரியவருக்கு இது நம்ம தோட்டத்துப் புழு. அறுபது வருஷம் காலடியில் இருந்த ஒன்றை வேறெப்படிச் சொல்வது?

ஆனால் இதைப் பெட்டியில் போட முடியாது. மருமகள் பொறுமையாக விளக்கினார். "பாட்டி, இது மண்ணத் திங்கிற புழு. நம்ம பொட்டியில மண்ணே கிடையாது, தாளும் தோலுந்தான். வச்சா செத்துப்போயிடும்." அவர் சொன்னது சரி. மண்புழுக்களில் மூன்று வாழ்முறை உண்டு. மேலே சருகுக்குள் இருந்து அழுகுவதைத் தின்பவை, ஆழமாக நேர்க்குழி தோண்டி இலையை உள்ளே இழுப்பவை, மண்ணுக்குள்ளேயே மண்ணைத் தின்று நகர்பவை. பெட்டிக்கு முதல் வகை மட்டுமே ஆகும். பெரியவர் புழுவைத் திரும்ப மண்ணில் விட்டுச் சருகை மூடினார். அவர் முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று. பெட்டிப் புழுவைத் தோட்டத்திலோ காட்டிலோ கொண்டுபோய் விடுவதும் கூடாது. வெளியிலிருந்து வந்த இனம் உள்ளூர்ப் புழுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஆசியாவுக்கே உரிய மேல்மட்டப் புழு ஒன்று உண்டு, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ். சுல்தான் இஸ்மாயில் தமிழ்நாட்டில் உள்ளூர் இனமாகப் பரிந்துரைத்தவற்றில் ஒன்று. அக்காவின் நான்காவது பெட்டியில் அதுதான் இருக்கிறது, தோட்டத்துச் சாணிக்குப்பையில் பிடித்தது. மெல்லியது, சுறுசுறுப்பானது, நீலம் மின்னுவது. ஒரு குணம் மட்டும் உண்டு: பெரிய மழை வரப்போகிறதென்றால் கூட்டமாக வெளியேறிவிடும். ஈப்போவில் மாலை மழை தெரிந்ததுதானே. நாங்கள் திரும்பி வந்தபோது வானம் கறுத்திருந்தது. அக்கா வண்டியிலிருந்து இறங்கியதும் செருப்பைக் கழற்றாமல் நேரே பின்கட்டுக்குப் போய் விளக்கைப் போட்டார். நான்காவது பெட்டியின் விளிம்பில் ஏற்கெனவே சில மேலேறியிருந்தன. வெளிச்சம் பட்டதும் இறங்கின. இடி இடித்து மழை விட்டுப்போகும்வரை அந்த விளக்கு எரியும். வீட்டில் யாரும் அணைக்கமாட்டார்கள்.

மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே அறுவடை நடந்தது. முதல் பெட்டி கறுத்து, காய்த்தோல் எதுவும் அடையாளம் தெரியாமல் ஆகியிருந்தது. பழைய விரிப்பில் அதைக் கூம்பாகக் குவித்து, மேலே மேசைவிளக்கை வைத்தார்கள். புழுக்கள் வெளிச்சத்துக்கு ஒதுங்கி அடியில் இறங்கும். பத்து நிமிஷம் கழித்து மேல்மண்ணை ஒரு விரல் அளவு வழித்து எடுக்க வேண்டும், மறுபடி பத்து நிமிஷம். இந்த இடைவெளிகளில் மருமகள் சோறு வடித்தார், பேரன் வீட்டுப்பாடம் முடித்தான், அக்கா துணி மடித்தார். கடைசியில் அடியில் ஒரு புழுக்குவியல் மட்டும் மிஞ்சியது. வேலை முழுவதும் ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும், ஆனால் யாரும் அதற்கென்று தனியாக உட்காரவில்லை. நான்கு வருஷமாக இந்தப் பெட்டிகள் இந்த வீட்டில் நிற்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆர்வத்தில் வாங்கிக் கொஞ்ச நாளில் கைவிட்ட பெட்டிகளை நான் வேறு வீடுகளில் பார்த்திருக்கிறேன். அங்கே புழு வளர்ப்பு ஞாயிற்றுக்கிழமை வேலையாக இருந்தது. இங்கே அது தாவ்கே கிள்ளுவதோடும் துணி மடிப்பதோடும் சேர்ந்துவிட்டது.

உரத்தைத் தொட்டிக்குப் போடும்போது அக்கா கையை அடக்குகிறார். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அதிகம் போட்டால் செடிக்கும் உப்பு கூடும். கறிவேப்பிலை, பாண்டான், செரை, கத்தரி, மல்லிகை எல்லாம் பழைய பெயிண்டு வாளிகளில். முன்வாசல் மணலில் ஒரு முருங்கை. அதன் அடியில் மண்ணைக் கிளறிப் பார்த்தேன். சுற்றிலும் வெளுத்த மணல், மரத்தடி மட்டும் கறுத்திருந்தது. காலையில் ஊற்றிய ஈரம் இன்னும் இருந்தது. வடிகால் தட்டில் சேரும் பழுப்புத் தண்ணீரைச் சிலர் புழுநீர் என்று செடிக்குத் தெளிக்கிறார்கள். அது அழுகல் வடிநீர், இலையில் படக்கூடாது. புழுக்கள் வாழும் மண்ணின் வழியாக நல்ல தண்ணீரைச் சொட்டவிட்டு எடுப்பதுதான் தெளிப்பதற்குரிய புழுநீர். இந்த வித்தியாசத்தை மருமகள் எனக்கு மிகக் கண்டிப்பாகச் சொன்னார், எழுதும்போது விட்டுவிடாதீர்கள் என்று.

நான்கு பெட்டி வீட்டுக் குப்பை முழுவதையும் தீர்ப்பதில்லை. சோறும் மீனும் எலும்பும் இன்னும் மாநகர் மன்ற வண்டியில்தான் போகின்றன. மலேசிய வீட்டுக் குப்பையில் உணவுக்கழிவு ஏறத்தாழ 45 விழுக்காடு என்று 2012ஆம் ஆண்டு தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் விடுவது அந்தப் பங்குதான். குப்பையை வீட்டிலேயே பிரிக்கச் சொல்லும் 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம் 2011இல் அமலுக்கு வந்தபோது பேராக் அதில் சேரவில்லை. ஆகவே இந்த வீட்டின் இரண்டு டப்பாக்களும் யாருடைய உத்தரவுக்காகவும் வைத்தவை அல்ல. ஆறு பேர் உள்ள வீட்டில் பச்சைக்கழிவில் பெரும்பகுதி வெளியே போவதில்லை என்பதே எனக்குப் பெரிய காரியமாகத் தெரிகிறது. ஒரு தாமானில் பத்து வீடு இப்படிச் செய்தால் அந்தச் சந்தில் குப்பைப்பை எவ்வளவு இலேசாகும் என்பதை மன்றம் ஒருமுறை நிறுத்துப் பார்க்கலாம். பார்க்க வேண்டும்.

மழை விட்டதும் சிலிபினிலிருந்து அக்காவின் தங்கை மகள் வந்தாள். அடுக்குமாடியில் நான்காவது மாடி. பால்கனி ஒரு பாய் விரிக்கும் அகலம். அவளுக்காகத்தான் அன்றைக்கு அறுவடை. மிஞ்சிய புழுக்குவியலில் பாதியை அக்கா ஒரு சிறிய பெட்டியில் போட்டு, பழைய மண்ணில் இரண்டு கைப்பிடி சேர்த்து, ஈரத்தாளை மூடிக் கொடுத்தார்.

"மொத வாரம் ஒண்ணும் போடாத. தாளே போதும். எடம் பழகட்டும்."

"பசிக்காதா பெரியம்மா?"

"பழைய மண்ணு கூட இருக்குல்ல. மொத நாளே ஆசையா ஒரு கிலோ தோலக் கொட்டுறதுனாலதான் எல்லா வீட்லயும் சாவுது. மேக்கு வெயில் விழுற பக்கம் வெக்காத. ராத்திரி லைட்ட கொஞ்சம் எரிய விடு, புது எடம்னா ஏறிப் பாக்கும். கறிவேப்பிலத் தொட்டிக்கு மண்ணு வர மூணு மாசம் ஆகும்."

அவள் கைப்பேசியில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். பெரியவர் உள்ளே போய், காலையில் வால் கிள்ளிய தாவ்கேயில் மிச்சமிருந்ததை ஒரு பையில் போட்டு அவளுடைய மோட்டார் கூடையில் வைத்தார்.